பார்வை குறைந்துவரும் மகளுக்கு இலவச மென்பொருள்: எங்கிருந்து தொடங்குவது?

"என் மகள் இளங்கலைத் தமிழ் முதலாண்டு படிக்கிறாள். விழித்திரை நோயால் பார்வை ஆண்டுதோறும் குறைந்துவருகிறது. பெரிய எழுத்தில்கூட அரைமணி நேரத்துக்கு மேல் படிக்க முடியவில்லை. விண்டோஸ் 10 உள்ள பழைய மடிக்கணினி ஒன்றும் ஆண்ட்ராய்டு கைபேசி ஒன்றும் இருக்கின்றன. காசு கொடுத்து மென்பொருள் வாங்க வழியில்லை. பாடங்களைக் கணினி வாசித்துக் காட்டவும், வேண்டிய பகுதியை நகலெடுத்துக் குறிப்பு சேர்க்கவும், அவளே தமிழில் தட்டச்சு செய்யவும் என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு கையால் மட்டும் எழுதும் உங்கள் மாமனாருக்கு ஏதாவது உண்டா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள்.

அம்மா, கேட்ட எல்லாமே இலவசமாகக் கிடைக்கின்றன. அரைகுறையாக அல்ல, ஒரு பட்டப்படிப்பை முடிக்கப் போதுமான அளவுக்கே கிடைக்கின்றன. நான் கல்லூரிக் காலத்தில் பார்வையை முழுவதுமாக இழந்தவன். இந்தப் பதிலை எழுதுவதும், எழுதியதைத் திரும்பக் கேட்டுத் திருத்துவதும் கீழே சொல்லப்போகும் மென்பொருள்களைக் கொண்டுதான். சில ஆண்டுகளாக என்னைப் போன்ற மாணவர்களுக்குக் கணினி கற்றுக்கொடுக்கவும் செய்கிறேன். அதனால் எது உதவுகிறது, எங்கே பிள்ளைகள் மனம் சோர்ந்துபோகிறார்கள் என்பது எனக்கு ஓரளவு தெரியும்.

பெரும்பாலான வீடுகளில் முதலில் தேடுவது நல்ல குரலைத்தான். இனிமையான தமிழ்க் குரல் ஒன்று கிடைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். குரல் கிடைக்கிறது, ஆனால் கல்லூரியில் கொடுத்த பிடிஎஃப் கோப்பைத் திறந்தால் அது பேசாமல் நிற்கிறது, அல்லது பொருளில்லாத ஆங்கில எழுத்துகளைப் பொழிகிறது. பிள்ளை தன் மேல்தான் குற்றம் என்று நினைத்து மூடி வைத்துவிடுகிறது. குற்றம் கோப்பில் இருக்கிறது. ஆகவே நான் கோப்பிலிருந்து தொடங்குகிறேன். எழுத்து சுத்தமாகக் கைக்கு வந்துவிட்டால் வாசிப்பும் நகலெடுப்பும் தட்டச்சும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடும்.

மகளின் பாடக் கோப்பு ஒன்றைத் திறந்து, ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல்+சி அழுத்தி, நோட்பேடில் கண்ட்ரோல்+வி அழுத்தி ஒட்டிப் பாருங்கள். நான்கில் ஒன்று நடக்கும். முதலாவது, தமிழ் தமிழாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். நல்லது, அது ஒருங்குறி (யூனிகோட்), அதாவது கணினி தமிழைத் தமிழாகவே சேமிக்கும் முறை. வேறெதுவும் செய்ய வேண்டாம். இரண்டாவது, எதையுமே தேர்ந்தெடுக்க முடியாது. அப்படியானால் அது எழுத்தே அல்ல, பக்கத்தின் படம். மூன்றாவது, ஆங்கில எழுத்துகளும் குறிகளும் குவியலாக வரும். அது பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு. அத்தகைய எழுத்துருக்களில் கணினி சேமித்து வைத்திருப்பது ஆங்கில எழுத்தை. அதன் மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று கண்ணுக்குத் தெரிவது, உள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. கண்ணுள்ளவருக்கு அது தமிழ். கேட்டுப் படிக்கிறவருக்கு அது ஜேகேபிஓ. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டு இத்தனை ஆண்டுகள் ஆகியும், தட்டச்சகங்களிலும் சிறு அச்சகங்களிலும் பழைய எழுத்துருக்கள் புழக்கத்தில் இருக்கின்றன. அங்கே அடித்த பாடக்குறிப்புகள் இன்றும் மாணவர்கள் கைக்கு வந்துகொண்டிருக்கின்றன. இந்த வகைக்கு எழுத்துரு மாற்றிகள் உண்டு. இணையத்தில் எதையும் நிறுவாமலே பயன்படுத்தக்கூடிய மாற்றிகளும், கணினியில் நிறுவிக்கொள்ளும் என்எச்எம் கன்வர்ட்டர் போன்றவையும் இலவசம். எந்த எழுத்துரு என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். பிடிஎஃப் கோப்பின் பண்புகளில் எழுத்துருப் பட்டியல் இருக்கும், இல்லாவிட்டால் தட்டச்சு செய்தவரிடமே கேட்டுவிடுங்கள்.

நான்காவது வகைதான் மிகவும் ஏமாற்றுவது. ஒட்டியது தமிழாகத்தான் இருக்கும், ஆனால் கொம்புகள் இடம்மாறி, சில எழுத்துகள் காணாமல்போய், சொற்கள் உடைந்து கிடக்கும். காரணம் இது: 'கெ' என்று எழுதும்போது கொம்பு கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, ஒருங்குறியிலோ முதலில் 'க', பிறகுதான் கொம்பு. பிடிஎஃப் கோப்பு அச்சில் தெரியும் வரிசைக்கே எழுத்துருவங்களை அடுக்கி வைத்திருப்பதால், நகலெடுக்கும்போது வரிசை குழம்பிவிடுகிறது. இப்படிப்பட்ட கோப்பைத் திருத்த உட்காராதீர்கள். ஒரு பக்கத்தைத் திருத்தும் நேரத்தில் இருபது பக்கத்தை வேறு வழியில் எடுத்துவிடலாம். அதைப் படமாகவே கருதி, படங்களுக்கான வழியில் அனுப்பிவிடுங்கள்.

அந்த வழிக்கு எழுத்துணரி என்று பெயர். பலரும் ஓசிஆர் என்றே சொல்கிறார்கள். தமிழுக்கு இப்போது எளிதாகவும் நன்றாகவும் வேலை செய்வது கூகுள் டிரைவில் இருப்பது. படத்தையோ பிடிஎஃப் கோப்பையோ டிரைவில் ஏற்றி, அதன்மேல் வலச்சொடுக்கி, 'கூகுள் டாக்ஸ் கொண்டு திற' என்று கொடுத்தால், எழுத்தை இனங்கண்டு திருத்தக்கூடிய ஆவணமாகத் திறந்து தருகிறது. கோப்பு 2 எம்பிக்குள் இருந்தால் நல்லது. அதனால் நூலைப் பத்துப் பத்துப் பக்கங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பிரிப்பதற்குப் பிடிஎஃப்சாம் பேசிக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அச்சுநூலிலிருந்து ஒரே ஒரு பக்கம் உடனடியாக வேண்டுமென்றால் கைபேசியில் கூகுள் லென்ஸ் போதும்: படமெடுத்து, எழுத்தைத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்துக்கொள்ளலாம். கைபேசியிலும் கணினியின் குரோமிலும் ஒரே கணக்கில் இருந்தால், லென்ஸில் எடுத்த எழுத்தை நேராகக் கணினிக்கே அனுப்பலாம்.

இணையம் சரியாக வராத விடுதி அறை என்றால் டெசராக்ட். ஹெச்பி நிறுவனம் 1985-க்கும் 1994-க்கும் இடையில் உருவாக்கி, 2005-இல் திறமூலமாக, அதாவது யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தும்படி, வெளியிட்ட எழுத்துணரி அது. தமிழும் தெரியும். அதைக் கட்டளைகள் தட்டாமல் பயன்படுத்த ஜிஇமேஜ்ரீடர் என்ற முகப்பு மென்பொருள் உண்டு. நிறுவும்போது தமிழ் மொழிக் கோப்பைத் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரே பக்கத்தில் ஆங்கிலமும் கலந்து வந்தால் இரண்டு மொழியையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கலாம். கூகுள் அளவுக்குத் துல்லியம் வராது என்பது என் அனுபவம். ஆனால் இரவு பதினொரு மணிக்கு, மறுநாள் தேர்வை வைத்துக்கொண்டு, இணையம் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் துல்லியத்தைவிடக் கையில் இருப்பது பெரிது.

படமெடுப்பதில் நீங்கள் உதவ முடியும். உண்மையில், உங்கள் உதவி மிகவும் தேவைப்படும் இடமே இதுதான். பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், நூலை நன்றாக அழுத்திப் பிரித்து, கைபேசியைப் பக்கத்துக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். நூலின் நடுமடிப்புக்குள் வரிகள் வளைந்துபோனால் ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லும் பிழையாகும். தமிழ் இலக்கிய மாணவி என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு அச்சான நூல்களில் ணா, றா, னா, லை, னை போன்றவை பழைய வடிவில் இருக்கும். எழுத்துணரிகள் அங்கே தடுமாறும். மங்கிய அச்சில் புள்ளியைத் தவறவிடும், துணைக்காலையும் 'ர'வையும் மாற்றிப் போடும். பழைய உரை நூல்களை எடுக்கும்போது வீட்டில் ஒருவர் மூலத்தை வைத்துக்கொண்டு ஒருமுறை சரிபார்த்துக் கொடுத்தால், அவள் தவறான பாடத்தை மனப்பாடம் செய்யாமல் இருப்பாள்.

எதையும் படமெடுப்பதற்கு முன், அது ஏற்கெனவே எழுத்தாக இருக்கிறதா என்று தேடுங்கள். இந்த விஷயத்தில் உங்கள் மகள் கொடுத்துவைத்தவள். வேதியியல் படிக்கும் என் மாணவனுக்கு இல்லாத வசதி தமிழ் படிப்பவருக்கு இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியத்திலிருந்து பாரதி வரை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த நூல்களை இலவசமாக வைத்திருக்கிறது. தமிழ் விக்கிமூலம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகம், ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் ஆகியவற்றிலும் தேடலாம். முகம் தெரியாத எத்தனையோ பேர் இரவுகளில் உட்கார்ந்து தட்டச்சு செய்தது அது. நான் முதுகலை முடித்தது அவர்களால்தான் என்பதை எங்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாட்டுகளுக்குச் சொல் பிரித்த பதிப்பாகப் பார்த்து எடுங்கள். சந்தி சேர்ந்த மூலத்தைக் கணினிக் குரல் ஒரே மூச்சில் ஓட்டிவிடும். எங்கே சொல் முடிகிறது என்று காதுக்குப் பிடிபடாது.

பதிப்புரிமை பற்றி உங்களுக்குத் தயக்கம் இருக்கலாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் கொண்டுவந்த திருத்தம், அச்சைப் படிக்க முடியாத மாற்றுத்திறனாளியின் சொந்தப் படிப்புக்காக ஒரு நூலை அவர் படிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவதை அனுமதிக்கிறது. கடையில் வாங்கிய நூலை மகளுக்காகப் படமெடுத்து எழுத்தாக்குவது குற்றம் அல்ல. அதை ஊருக்கெல்லாம் பரப்பாமல் இருந்தால் போதும். இப்படி மாற்றிய நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் 2016-இலிருந்து இருக்கிறது. மாற்றுத்திறனாளிச் சான்று காட்டி அவளை உறுப்பினராக்கிவிடுங்கள்.

இனி வாசிப்பு. இங்கே நான் சொல்ல விரும்புவது ஒரே பெயர்: என்விடிஏ. திரையில் இருப்பதைப் பேசிக்காட்டும் இத்தகைய மென்பொருளைத் திரைவாசிப்பான் என்றும் திரைநவிலி என்றும் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006-இல் இதை எழுதத் தொடங்கினார். அவர் பார்வையற்றவர். அன்று விற்பனையில் இருந்த திரைவாசிப்பான்களின் விலை கணினியின் விலையையே தாண்டும். பார்வையற்றவர் ஒருவர் கணினி வாங்கப் பார்வையுள்ளவரைவிட ஏன் அதிகம் செலவழிக்க வேண்டும் என்ற கேள்விதான் அந்த மென்பொருளைப் பிறப்பித்தது. சிறுவயதில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான இசை முகாம் ஒன்றில் அவருக்கு நண்பரான ஜேம்ஸ் தே, இவரும் பார்வையற்றவர், பிறகு சேர்ந்துகொண்டார். 2007-இல் என்வி அக்சஸ் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு உருவானது. இன்றும் அது இலவசம், திறமூலம். அதன் பட்டிகள் தமிழிலும் வருகின்றன. யுஎஸ்பி நினைவகத்தில் போட்டுக்கொண்டு எந்தக் கணினியிலும் செருகி இயக்கலாம்; கல்லூரிக் கணினி அறையில் எதையும் நிறுவ அனுமதி இல்லாதபோது இது கைகொடுக்கும்.

நிறுவியதும் வரும் முதல் சாளரத்தில், கேப்ஸ் லாக் விசையை என்விடிஏ விசையாக, அதாவது அதன் கட்டளைகளுக்குச் சேர்த்து அழுத்தும் விசையாக, பயன்படுத்த ஒரு தெரிவு இருக்கும். மடிக்கணினி என்றால் அதைத் தேர்ந்தெடுங்கள். விசைப்பலகை அமைப்பையும் மடிக்கணினிக்குரியதாக மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு முதல் வாரத்துக்கு நான்கைந்து விசைகள் போதும். கேப்ஸ் லாக்+ஏ, இருக்கும் இடத்திலிருந்து தொடர்ந்து வாசிக்கும். கண்ட்ரோல் நிறுத்தும். ஷிஃப்ட் இடைநிறுத்தி, மறுபடி அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். கேப்ஸ் லாக்+எல், நடப்பு வரியை மட்டும் சொல்லும். கேப்ஸ் லாக்+1, கற்றுக்கொள்வதற்கு: அதை அழுத்திவிட்டு எந்த விசையைத் தொட்டாலும், அது என்ன செய்யும் என்று சொல்லுமே தவிரச் செய்யாது. ஏதாவது கெட்டுவிடுமோ என்ற அச்சம் உள்ளவர்களை நான் முதல் நாள் முழுக்க இந்த நிலையிலேயே விளையாட விடுவேன்.

குரலுக்கு வருவோம். என்விடிஏவோடு கூடவே வரும் ஈஸ்பீக் என்ஜி என்ற குரல் மென்பொருள் தமிழ் பேசும். முதல்முறை கேட்கும்போது இயந்திரத் தன்மையாக, கொஞ்சம் கரகரப்பாக இருக்கும். உங்கள் மகள் முகம் சுளிக்கலாம். விண்டோஸ் அமைப்புகளில் பேச்சு என்ற பகுதிக்குப் போய்த் தமிழ்க் குரலைச் சேர்த்தால் மைக்ரோசாஃப்டின் வள்ளுவர் என்ற ஆண்குரல் கிடைக்கும். கேப்ஸ் லாக்+கண்ட்ரோல்+எஸ் அழுத்தி, விண்டோஸ் ஒன்கோர் குரல்களைத் தேர்ந்தெடுத்தால் என்விடிஏ அந்தக் குரலில் பேசும். இணையம் இருக்கும்போது இன்னும் மனிதத் தன்மையான குரல் வேண்டுமென்றால் எட்ஜ் உலாவியில் பக்கத்தைத் திறந்து கண்ட்ரோல்+ஷிஃப்ட்+யு அழுத்துங்கள். அங்கே பல்லவி, வள்ளுவர் என்ற இந்தியத் தமிழ்க் குரல்களோடு இலங்கைத் தமிழுக்குச் சரண்யாவும் குமாரும், சிங்கப்பூருக்கு வெண்பாவும் அன்பும், மலேசியாவுக்குக் கனியும் சூர்யாவும் இருக்கிறார்கள். கதை, நாவல், கட்டுரை கேட்க எனக்குப் பல்லவிதான் பிடிக்கும்.

ஆனால் பாடம் படிக்க நான் ஈஸ்பீக்குக்கே திரும்புகிறேன், உங்கள் மகளும் திரும்புவாள் என்று நம்புகிறேன். இயல்பான குரல்களை வேகப்படுத்தினால் ஒரு கட்டத்தில் எழுத்துகள் மங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். விசை அழுத்திய பிறகு பேசத் தொடங்கவும் ஒரு கணம் தாமதிக்கும். ஈஸ்பீக் அழுத்திய கணமே பேசும், எத்தனை வேகமாக ஓட்டினாலும் மெய்யெழுத்து தனித்தனியாகக் காதில் விழும். வாரத்துக்கு ஒரு படி என்று வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். மூன்று மாதத்தில், பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் உங்களுக்கு ஒரு சொல்கூடப் புரியாது, அவள் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பாள்.

கேட்டுப் படிப்பவருக்கு மட்டும் தெரியவரும் ஒரு பிழை உண்டு. 'கௌதமன்' என்பதில் வருவது ஒற்றை உயிர்மெய், 'கௌ'. பலர் 'கெ'யையும் 'ள'வையும் அடுத்தடுத்து அடித்து 'கெளதமன்' என்று எழுதிவிடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. திரைவாசிப்பான் 'கெள-தமன்' என்று வாசிக்கும். நாளிதழ்களின் இணையப் பக்கங்களில்கூட இது நிறைந்திருக்கிறது. மகளுக்குப் பாடம் தட்டச்சு செய்து கொடுக்கும் எவரிடமும் இந்த ஒன்றை மட்டுமாவது சொல்லிவையுங்கள்.

நகலெடுப்பது சிறிய விஷயம், ஆனால் குறிப்பு சேர்ப்பவருக்கு உயிர்நாடி. சுட்டியால் இழுத்துத் தேர்ந்தெடுப்பது அவளுக்கு இனி வேண்டாம். வேண்டிய பகுதி தொடங்கும் இடத்தில் கேப்ஸ் லாக்+எஃப்9, முடியும் இடத்தில் கேப்ஸ் லாக்+எஃப்10-ஐ இருமுறை அழுத்தினால் இடையில் உள்ளது, நகலெடுத்தவை தற்காலிகமாக நிற்கும் கிளிப்போர்டுக்குப் போய்விடும். கேப்ஸ் லாக்+சி, கிளிப்போர்டில் இப்போது என்ன இருக்கிறது என்று வாசித்துக்காட்டும். ஒட்டுவதற்கு முன் இதைக் கேட்கும் பழக்கம் பல தவறுகளைத் தடுக்கும். விண்டோஸ்+வி அழுத்தினால் கிளிப்போர்டு வரலாறு திறக்கும். கடைசியாக நகலெடுத்த 25 துண்டுகள் வரை அங்கே நிற்கும், அடிக்கடி தேவைப்படுவதைப் பொருத்தி வைத்துக்கொள்ளவும் முடியும். ஐந்து நூல்களிலிருந்து ஐந்து மேற்கோள்களை வரிசையாக எடுத்துவிட்டு, ஒரே மூச்சில் கட்டுரையில் சேர்க்கலாம். ஆங்கிலத் தாளுக்குப் பலபோல்கா என்ற இலவச மென்பொருளைப் பரிந்துரைப்பேன். அதன் கிளிப்போர்டு கண்காணிப்பை இயக்கிவிட்டால், நகலெடுத்த எதையும் உடனே வாசிக்கும். பாடத்தை ஒலிக்கோப்பாகச் சேமித்தும் தரும்.

தட்டச்சைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பு. ஆங்கில எழுத்தால் ஒலிபெயர்த்துத் தட்டும் முறை ஏற்கெனவே பழகியிருந்தால்கூட மாற்றிக்கொள்ளச் சொல்வேன். ஒலிபெயர்ப்பில் ன, ண, ந மூன்றுக்கும் ல, ள, ழ மூன்றுக்கும் எந்த ஆங்கில எழுத்து, எது ஷிஃப்டோடு என்று நினைவில் வைக்க வேண்டும். திரையைப் பார்த்துச் சரிசெய்துகொள்ள முடியாதவருக்கு அது ஓயாத சந்தேகம். கைபேசியில் போலப் பரிந்துரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பதும் காதுக்குச் சுமை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி உருவான தமிழ்99-இல் 12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி என மொத்தம் 31 விசைகள். உயிர் எல்லாம் இடக்கைக்கு. மெய்யில் பெரும்பகுதி வலக்கைக்கு. உயிர், மெய் எதற்கும் ஷிஃப்ட் தேவையில்லை. கிரந்த எழுத்துகள் போன்றவற்றுக்குத்தான் ஷிஃப்ட்.

அதைவிட அழகு, புள்ளி தானாக விழுவது. 'அம்மா' எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு. ஒரே மெய் இருமுறை வந்தால் முன்னதற்குப் புள்ளி தானே வந்துவிடும். 'தம்பி'க்கு த, ம, ப, இ. மகரத்தை அடுத்துப் பகரம் வந்தால் அது 'ம்ப'தான் என்று விசைப்பலகைக்குத் தெரியும். எந்த மெய்யை அடுத்து எந்த மெய் வரும் என்று சொல்லும் மெய்ம்மயக்கத்தை நன்னூலில் படிக்கப்போகும் பிள்ளைக்கு இதை விளக்கவே தேவையில்லை. எந்த விசைப்பலகையிலும் எஃப், ஜே விசைகளின் மேல் விரலுக்குத் தட்டுப்படும் சிறு மேடு இருக்கும். தமிழ்99-இல் இடச்சுட்டுவிரல் மேட்டில் புள்ளி, வலச்சுட்டுவிரல் மேட்டில் 'ப'. அந்த வரிசையில் இடப்பக்கம் அ, இ, உ, புள்ளி, எ. வலப்பக்கம் க, ப, ம, த, ந, ய. இந்த ஒரு வரிசையைக் கொண்டே முதல் நாள் 'பம்பு', 'மக்கு', 'தந்தி', 'கம்பி', 'அக்கம்பக்கம்' என்று எழுதிவிடலாம். கணினியில் இதற்கு எ-கலப்பை அல்லது கீமேன் நிறுவிக்கொள்ளுங்கள், இரண்டும் இலவசம். கைபேசிக்குச் செல்லினம் இருக்கிறது.

தட்டும்போது கேப்ஸ் லாக்+2 ஒவ்வோர் எழுத்தையும் சொல்லவைக்கும் விசை, கேப்ஸ் லாக்+3 ஒவ்வொரு சொல்லையும் முடிந்த பிறகு சொல்லவைக்கும் விசை. முதல் மாதம் எழுத்து, பிறகு சொல். எழுத்தெழுத்தாகக் கேட்டுக்கொண்டே இருந்தால் வாக்கியத்தின் நினைவு அறுந்துபோகும்.

வாய்மொழியாகச் சொல்லி எழுதவைப்பதும் உண்டு. கைபேசியில் கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டு, கணினியில் குரோம் வழியாகக் கூகுள் டாக்ஸின் குரல் தட்டச்சு, இரண்டுக்கும் தமிழ் நன்றாகவே புரியும். கடிதமும் வாட்ஸ்அப்பும் அப்படி எழுதட்டும். ஆனால் 'பல்லி', 'பள்ளி' இரண்டையும் அது தன் கணக்கில் முடிவு செய்யும், சந்தியைத் தன் விருப்பப்படி விடும். தமிழ் மாணவிக்கு எழுத்து தன் விரலிலிருந்து வர வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

மாமனாருக்கு: ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தட்டினால் விண்டோஸில் ஸ்டிக்கி கீஸ் என்ற வசதியை இயக்கலாம். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டிய இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினால் போதும். விரல் தவறி ஒரே விசை பலமுறை விழுகிறது என்றால் ஃபில்டர் கீஸ். அவருக்குக் குரல் தட்டச்சைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். வீட்டு முகவரி, கையெழுத்துக்கு முன் வரும் வாசகம் போல மறுபடி மறுபடி எழுதுவதை எஸ்பான்சோ என்ற இலவச மென்பொருளில் சுருக்கக் குறிகளாக வைத்துவிட்டால், இரண்டு எழுத்து தட்டியதும் முழு வாசகமும் விரியும்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. மகளுக்கு இன்னும் கொஞ்சம் பார்வை இருப்பதால், திரையைப் பெரிதாக்கும் உருப்பெருக்கியே போதும், திரைவாசிப்பான் "அந்த நிலை வரும்போது" பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் யாராவது சொல்லலாம். என் வீட்டிலும் அன்பினால்தான் அப்படிச் சொன்னார்கள். அதனால் எனக்கு இரண்டு ஆண்டுகள் போயின. விண்டோஸும் கூட்டல் விசையும் சேர்ந்தால் உருப்பெருக்கி வரும், அதைத் தாராளமாகப் பயன்படுத்தட்டும். ஆனால் விசைகள் எங்கே இருக்கின்றன என்று ஓரக்கண்ணால் பார்த்துச் சரிபார்க்க முடிகிற இந்த நாள்களில் காதால் படிப்பதையும் தமிழ்99-ஐயும் தொடங்கிவிட வேண்டும். தினமும் அரைமணி நேரம், திரையின் வெளிச்சத்தை முழுவதும் குறைத்துவிட்டு, காதை மட்டும் நம்பி ஒரு பக்கம். அதை நோயின் அடையாளமாக அவள் நினைக்காமல், தட்டச்சுப் பயிற்சி போன்ற ஒரு தேர்ச்சியாக நினைக்கும்படி நீங்கள் பேச வேண்டும். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது.

தேர்வு பற்றியும் இப்போதே யோசியுங்கள். சொல்வதைக் கேட்டு எழுதும் உதவியாளரை வைத்துக்கொள்வது மட்டுமே வழி என்று பல கல்லூரிகளில் நினைக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான எழுத்துத் தேர்வுகள் குறித்து மத்திய அரசு 2018 ஆகஸ்ட்டில் வெளியிட்ட வழிகாட்டுதல், இயன்றவரை பிரெய்ல், கணினி, பெரிய எழுத்து, பதில்களை ஒலிப்பதிவு செய்தல் என்று தேர்வெழுதும் முறையை மாணவரே தேர்ந்தெடுக்க வாய்ப்பளிக்கச் சொன்னது. கணினியில் எழுதுபவர் அதை முதல் நாளே சோதித்துப் பார்க்க அனுமதிக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும் என்பதும் அதில் இருந்தது. உதவியாளர் நல்லவராக அமைந்தாலும் 'தன்வினை'யை 'தண்வினை' என்று எழுதிவிட்டால் மதிப்பெண் போவது அவளுக்குத்தான்.

ஆகவே பருவத் தேர்வுக்கு மூன்று மாதம் முன்பாகவே முதல்வருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள்: கணினியில் எழுத விரும்புவதாகவும், என்விடிஏவும் தமிழ்99-உம் தேவை என்றும், இரண்டும் இலவசம் என்றும் அதிலேயே குறிப்பிடுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள். அந்த விண்ணப்பத்தை அவளே தட்டச்சு செய்யட்டும்.